குற்ற ஏற்பும் மேல்முறையீட்டு உரிமையும்: கொலை வழக்குகளில் பொதுமக்கள் எதிர்வினை – வாழவந்தி நாட்டை முன்னிறுத்திய ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்றுக்கொண்ட ஒருவர் பின்னர் அதனை மறுத்து மேல்முறையீடு செய்யும்போது பொதுமக்களிடையே கடும் சினம் எழுகிறது. ஒப்புக்கொண்டவருக்கு மேல்முறையீடு எதற்கு என்பதே அச்சினத்தின் மையக் கேள்வி. 2008 மும்பைத் தாக்குதல் வழக்கில் முகமது அஜ்மல் கசாப் 2009 ஜூலையில் குற்றத்தை ஏற்று, அதே ஆண்டு டிசம்பரில் அதனை மறுத்து, உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீடு செய்த நிகழ்வை இக்கட்டுரை முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. இராஜீவ் காந்தி கொலை வழக்கு, அமெரிக்காவின் ஜேம்ஸ் எர்ல் ரே வழக்கு, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் வழக்கு ஆகியன ஒப்புநோக்கப்படுகின்றன. பொதுமக்கள் வெறுத்த ஒரு மேல்முறையீட்டின் வழியாக உறுதிப்பட்ட சட்டக் கோட்பாடு, கொல்லிமலை வாழவந்தி நாடு போன்ற பகுதிகளின் எளிய மனிதருக்கு எவ்வாறு காப்பாகிறது என்பது இறுதியில் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்

குற்ற ஏற்பு, ஒப்புதல் வாக்குமூலம், மேல்முறையீடு, பொதுமக்கள் எதிர்வினை, சட்ட உதவி, கொல்லிமலை, வாழவந்தி நாடு.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்தது கொல்லிமலை. இம்மலையின் ஊராட்சிகள் ‘நாடு’ என்னும் பெயரொட்டுடன் வழங்குகின்றன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு, சேலூர் நாடு எனப் பதினான்கு நாடுகள் இங்கு உள்ளன. இவற்றில் பெரும்பான்மையோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளி மக்கள். இம்மலையிலிருந்து சமவெளிக்குச் செல்லக் காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். கொலை போன்ற கடுங்குற்ற வழக்கு எதுவாயினும் அது மலையிலிருந்து இறங்கி, மாவட்டத் தலைநகரின் அமர்வு நீதிமன்றத்தில்தான் விசாரிக்கப்படும்.

மும்பைத் தாக்குதல் வழக்குக்கும் வாழவந்தி நாட்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் அவ்வழக்கை விசாரித்த முறையையும் வாழவந்தி நாட்டைச் சேர்ந்த ஒருவர் மீதான வழக்கை விசாரிக்கும் முறையையும் ஒரே சட்டமே வகுக்கிறது. நாடே வெறுத்த ஒருவருக்கு அச்சட்டத்தின் கதவு அடைக்கப்பட்டிருந்தால், நாடே அறியாத ஒருவருக்கு அது திறந்திருக்குமா என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா.

1. ஒரு தொடர், மூன்று பொருள்

‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்னும் தொடர் தமிழ் நாளிதழ்களில் நாள்தோறும் இடம்பெறுவது. சட்டத்தின் பார்வையில் வேறு வேறான மூன்று நிகழ்வுகளை இத்தொடர் ஒன்றாகக் குறித்துவிடுகிறது.

முதலாவது, காவல்துறையிடம் கொடுக்கும் ஒப்புதல். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் பிரிவு 25 இதனைச் சான்றாக ஏற்பதில்லை. அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-உம் இந்நிலையைத் தொடர்கிறது. காவலில் உள்ளவர் அச்சத்தாலோ துன்புறுத்தலாலோ எதையும் சொல்லக்கூடும் என்பதே இவ்விலக்கின் காரணம்.

இரண்டாவது, நீதித்துறை நடுவர் முன் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973, பிரிவு 164 இதற்குரியதாக இருந்தது. வாக்குமூலம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், கொடுத்தால் அது தமக்கு எதிரான சான்றாகப் பயன்படலாம் என்றும் நடுவர் முதலில் எச்சரிக்க வேண்டும். அது தன்விருப்பத்தோடு கொடுக்கப்படுவது என அவர் நம்ப வேண்டும். இவ்வாறு பதிவான வாக்குமூலம் ஒரு சான்று மட்டுமே, அதுவே தீர்ப்பாகிவிடாது.

மூன்றாவது, விசாரணை நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைந்து, அதனைப் படித்து விளக்கி, ‘ஏற்கிறீரா, மறுக்கிறீரா’ எனக் கேட்கும்போது குற்றஞ்சாட்டப்பட்டவர் ‘ஏற்கிறேன்’ என்பது. இதுவே குற்ற ஏற்பு. இதன்மேல் சாட்சிய விசாரணை இன்றியே தண்டனை வழங்க முடியும்.

இம்மூன்றும் ஒரே தொடரால் குறிக்கப்படுவதால், கைது செய்யப்பட்ட மறுநாள் ‘ஒப்புக்கொண்டார்’ எனச் செய்தி படிக்கும் வாசகர் வழக்கு அன்றே முடிந்துவிட்டதாகக் கருதுகிறார். பல ஆண்டுகள் கழித்து அதே மனிதர் மேல்முறையீடு செய்தார் எனப் படிக்கும்போது, அது ஏமாற்று வேலையாகவே அவருக்குத் தோன்றுகிறது. ஆகவே பொதுமக்கள் எதிர்வினையின் முதற்காரணத்தை இச்சொற்குழப்பத்திலேயே காணலாம்.

2. குற்ற ஏற்பு குறித்த சட்ட நிலை

அமர்வு நீதிமன்ற விசாரணையில் குற்ற ஏற்பைப் பற்றிக் கூறுவது 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 229. குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றத்தை ஏற்றால் நீதிபதி அதனைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அதன்மேல் தண்டிப்பதா, விசாரணையைத் தொடர்வதா என்பது அவருடைய விருப்புரிமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 252-இலும் இதே நிலை தொடர்கிறது.

கொலைக் குற்றத்தில் குற்ற ஏற்பை மட்டும் கொண்டு தண்டிப்பதை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகத் தவிர்த்து வந்துள்ளன. ‘நான்தான் கொன்றேன்’ என ஒருவர் கூறுவது ஒரு நிகழ்வைப் பற்றிய கூற்று. அச்செயல் சட்டப்படி கொலையா, கொலையாகாத மரணம் விளைவித்தலா, தற்காப்பா என்பது சட்ட வினா. கொன்றதை ஏற்கும் ஒருவர் கொலைக் குற்றத்தை ஏற்பதாகக் கொள்ள முடியாது. இவ்வேறுபாட்டைச் சட்டம் பயிலாத ஒருவர் அறிந்திருப்பார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

மேல்முறையீட்டைப் பற்றிக் கூறுவது பிரிவு 375. குற்றத்தை ஏற்று, அவ்வேற்பின் அடிப்படையிலேயே தண்டிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு இல்லை. அமர்வு நீதிமன்றமோ நடுவர் நீதிமன்றமோ தண்டித்திருந்தால், தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பொருத்தத்தையும் மட்டும் எதிர்க்கலாம். 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 412 இதற்கு முன்னோடி. சன்ஹிதாவின் பிரிவு 416 இதன் இன்றைய வடிவம். இங்குத் தடையை உண்டாக்குவது ஏற்பு மட்டுமன்று; ஏற்பின் அடிப்படையிலேயே தண்டிக்கப்பட்டமை. ஒருவர் ஏற்ற பின்னரும் நீதிபதி முழு விசாரணை நடத்திச் சான்றுகளின்மேல் தண்டித்தால், மேல்முறையீட்டு உரிமை முழுமையாக நிலைக்கிறது. மேலும், அச்சுறுத்தலால் பெறப்பட்டதோ, பொருள் விளங்காமல் கூறப்பட்டதோ உண்மையான ஏற்பாகாது என்னும் வாதத்தையும் உயர் நீதிமன்றங்கள் கேட்டு வந்துள்ளன.

குற்றத்தை ஏற்றுத் தண்டனைக் குறைப்புப் பெறும் பேர ஒப்பந்த முறை 2006-இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. ஏழாண்டுகளுக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்கள் அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. எனவே இந்தியக் கொலை வழக்கில் குற்றத்தை ஏற்பவருக்குச் சட்டப்படி உறுதியான ஆதாயம் ஏதுமில்லை. இதனாலேயே அவ்வேற்பு எதனால் நிகழ்ந்தது என்னும் கேள்வி கூடுதல் முதன்மை பெறுகிறது.

3. மும்பை வழக்கு: ஏற்பும் மறுப்பும்

2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டனர். பத்துத் தாக்குதலாளர்களில் உயிருடன் பிடிபட்டவர் கசாப் ஒருவரே. அவரைப் பிடிக்கும் முயற்சியில் உதவித் துணை ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே உயிரிழந்தார். 2009 பிப்ரவரியில் நடுவர் முன் கசாபின் ஒப்புதல் வாக்குமூலம் பதிவாயிற்று. அதே ஆண்டு மே 6 அன்று ஆர்தர் சாலைச் சிறையில் அமைந்த சிறப்பு நீதிமன்றத்தில் 86 குற்றச்சாட்டுகள் வனையப்பட்டபோது, அனைத்தையும் அவர் மறுத்தார்.

நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்ட நிலையில், 2009 ஜூலை 20 அன்று அவர் திடீரெனக் குற்றத்தை ஏற்பதாகக் கூறினார். அவருடைய வழக்கறிஞரும் இதனை எதிர்பார்த்திருக்கவில்லை. நீதிபதி எம். எல். தகலியானி அக்கூற்றைப் பதிவு செய்தார். ஆயினும் கசாப் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் முழுமையாக ஏற்கவில்லை எனக் கண்டு, விசாரணை தொடரும் என ஆணையிட்டார். டிசம்பர் 18 அன்று பிரிவு 313-இன் கீழ்த் தம்மிடம் வினவப்பட்டபோது, தாம் திரைப்படம் பார்க்க மும்பைக்கு வந்ததாகவும், தாக்குதலுக்கு முன்பே பிடிக்கப்பட்டதாகவும், காவல்துறை துன்புறுத்தியதாகவும் கூறி கசாப் அனைத்தையும் மறுத்தார்.

2010 மே 3 அன்று அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று; மே 6 அன்று தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே தீர்ப்பில், உடன் குற்றஞ்சாட்டப்பட்ட இந்தியர் இருவர் சான்று போதாமையால் விடுவிக்கப்பட்டனர். பம்பாய் உயர் நீதிமன்றம் 2011 பிப்ரவரி 21 அன்று தண்டனையை உறுதி செய்தது. சிறையிலிருந்து அவர் அனுப்பிய மேல்முறையீட்டில், நீதிமன்ற நண்பராக மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரன் நியமிக்கப்பட்டார். நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், சி. கே. பிரசாத் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2012 ஆகஸ்டு 29 அன்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. குடியரசுத் தலைவர் கருணை மனுவை மறுத்தபின், நவம்பர் 21 அன்று புனே எரவாடாச் சிறையில் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஜூலை 20 அன்று நீதிபதி ஏற்பை மட்டும் கொண்டு தீர்ப்பளித்திருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். பொதுமக்களில் பெரும்பாலோர் எதிர்பார்த்ததும் அதுவே. ஆனால் டிசம்பரில் வந்த மறுப்பு அத்தீர்ப்பின் அடித்தளத்தையே அசைத்திருக்கும். விசாரணை தொடர்ந்ததால் ஒளிப்படங்கள், கண்ணால் கண்டோர் சாட்சியங்கள், தடயவியல் சான்றுகள், தொலைபேசி உரையாடல் பதிவுகள் ஆகியன தீர்ப்பைத் தாங்கி நின்றன. அவர் ஏற்றதோ மறுத்ததோ முடிவை மாற்றும் நிலையில் இல்லை. எதிர்ப்புக்கு ஆளான அத்தாமதமே தீர்ப்புக்கு வலிமை சேர்த்தது.

4. பொதுமக்கள் எதிர்வினையின் கூறுகள்

இவ்வழக்கில் வெளிப்பட்ட எதிர்வினையை நான்கு கூறுகளாகப் பகுக்கலாம்.

அ) வாதாடுவோர் மீதான சினம்: மும்பை நடுவர் நீதிமன்ற வழக்கறிஞர் சங்கம் கசாபுக்காக எவரும் முன்னிலையாவதில்லை எனத் தீர்மானித்தது. நீதிமன்றம் வழக்கறிஞராக அஞ்சலி வாக்மாரேயை நியமித்தபோது, அவர் வீட்டின்முன் கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. குற்றவாளிக்காக வாதாடுபவரும் குற்றத்தில் பங்காளர் என்னும் எண்ணமே இதன் அடிப்படை.

இந்நிலைப்பாட்டைச் சட்டம் நிராகரித்தது தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் என்பது குறிப்பிடத்தக்கது. கோயம்புத்தூரில் காவலர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஏற்பட்ட மோதலைத் தொடர்ந்து, காவலர்களுக்காக எவரும் முன்னிலையாகக் கூடாது என வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. அ. ச. முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்னும் அவ்வழக்கில் 2010 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்டவர் எத்தகையவராயினும் அவருக்கு வாதாட மறுக்கும் சங்கத் தீர்மானங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை, செல்லாதவை என அறிவித்தது.

ஆ) தாமதம் குறித்த சினம்: பிடிபட்ட நாளிலிருந்து தண்டனை நிறைவேறிய நாள்வரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. இந்திய மரண தண்டனை வழக்குகளின் போக்கில் இது மிகக் குறுகிய காலம். ஆயினும் குற்றம் உறுதியான ஒருவருக்காக அரசு செலவிடும் ஒவ்வொரு நாளும் வீண் என்னும் உணர்வு மேலோங்கியிருந்தது.

இ) சலுகை குறித்த சினம்: கசாப் சிறையில் பிரியாணி கேட்கிறார் என்னும் செய்தி நாடெங்கும் பரவி, அரசியல் மேடைகளிலும் எடுத்தாளப்பட்டது. அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்த உஜ்வல் நிகம், அச்செய்தி தாம் புனைந்தது என 2015 மார்ச்சில் வெளிப்படையாகக் கூறினார். கசாபின் கண் கலங்கியதாக ஊடகங்களில் வந்த செய்தியால் அவர்மேல் எழத் தொடங்கிய இரக்கத்தைத் தடுக்கவே அவ்வாறு கூறியதாக அவர் விளக்கினார். பொதுமக்கள் எதிர்வினை எப்போதும் தானே ஊறுவதன்று. வழக்கில் பங்குடையோர் அதனை ஊட்டி வளர்க்கவும் கூடும் என்பதற்கு இது நேரடிச் சான்று. ஆறு ஆண்டுகள் உண்மை என நம்பப்பட்ட ஒன்று பொய் எனத் தெரிந்த பின்னரும், முதலில் பரவிய அளவுக்குத் திருத்தம் பரவவில்லை.

ஈ) பிறழ்வு குறித்த சினம்: ஏற்ற ஒன்றை மறுப்பது சொன்ன சொல் தவறுதலாகக் கருதப்படுகிறது. குற்றத்தை ஏற்பது கொல்லப்பட்டோரின் உறவினர்க்குச் செலுத்தும் ஒருவகைக் கடன் என்றும், மறுப்பது அக்கடனைத் திரும்பப் பறிப்பது என்றும் மக்கள் உணர்கின்றனர். நான்கு கூறுகளில் மதித்தற்குரியது இதுவே. ஏனெனில் இதில் பேசுவது பழியுணர்ச்சி மட்டுமன்று. உறவை இழந்தோரின் அமைதியும் இதில் அடங்கியுள்ளது.

தமிழ் மரபில் முறையீட்டின் முதற்பெருங்காட்சி சிலப்பதிகார வழக்குரை காதை. கோவலன் கேட்கப்படாமலேயே கொல்லப்பட்டான்; கண்ணகியின் முறையீடு தண்டனை நிறைவேறிய பின்னரே அரசவைக்கு வந்தது. சான்று முன்வைக்கப்பட்டதும் பாண்டியன் தன் தவற்றை உணர்ந்தான். ஆனால் திருத்தம் கைகூடும் காலம் கடந்திருந்தது. தண்டனைக்கு முன் மேல்முறையீடு என்னும் ஏற்பாடு எதற்கு என்பதை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

5. தமிழ்நாட்டு அனுபவம்: இராஜீவ் காந்தி கொலை வழக்கு

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த கொலை தொடர்பான வழக்கில் நீதிமன்றக் குற்ற ஏற்பு இல்லை. ஆயினும் ஒப்புதலும் அதன் மறுப்பும் மேல்முறையீடும் பொதுமக்கள் மனத்தில் எவ்வாறு இடம்மாறுகின்றன என்பதற்கு இது நெருங்கிய சான்று. தடா சட்டத்தின் பிரிவு 15, காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் ஒப்புதலையும் சான்றாக ஏற்றது. சாட்சியச் சட்டம் அடைத்து வைத்த வாயிலை அப்பிரிவு திறந்துவிட்டது எனலாம்.

1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 1999 மே 11 அன்று நால்வருக்கு மட்டும் தூக்குத்தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தடா குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. ஆனால் அச்சட்டத்தின் கீழ்ப் பெறப்பட்ட ஒப்புதல்களைச் சான்றாகக் கொள்ளத் தடையில்லை என்றது. மேல்முறையீடு இல்லாதிருந்தால் அந்தப் பத்தொன்பது பேரும் தூக்குமேடைக்குச் சென்றிருப்பர்.

பொதுமக்கள் எதிர்வினை இங்குக் காலத்தால் மாறியது. 1991-இல் கொலையாளிகள்மேல் தமிழ்நாட்டில் மூண்டிருந்த சினம், 2011 ஆகஸ்டில் மூவரின் தூக்கு நாள் குறிக்கப்பட்டபோது பெருமளவு இரக்கமாகத் திரிந்திருந்தது. ஆகஸ்டு 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்னும் இளம்பெண் தீக்குளித்து உயிர்நீத்தார். ஆகஸ்டு 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அன்றே சட்டப்பேரவை தண்டனைக் குறைப்பு வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. 2013-இல், ஒப்புதல்களைப் பதிவு செய்த மேனாள் மத்தியப் புலனாய்வு அதிகாரி வி. தியாகராசன், மின்கலங்கள் எதற்காக வாங்கப்பட்டன என்பது தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் பதிவு செய்யாமல் விட்டதாக வெளிப்படுத்தினார். 2014 பிப்ரவரியில் தூக்குத்தண்டனைகள் ஆயுள் தண்டனையாயின. 2022 மே 18 அன்று பேரறிவாளனும், நவம்பர் 11 அன்று எஞ்சியோரும் விடுதலை பெற்றனர்.

கொல்லப்பட்டவர்களுள் இராஜீவ் காந்தியோடு உடனிருந்த காவலர்களும் பொதுமக்களும் உண்டு. அவர்தம் குடும்பங்களுள் சில விடுதலையை எதிர்த்தன. ஆகவே ‘மக்கள் மனம்’ என ஒருமையில் பேசுவது பொருந்தாது. ஒரே மாநிலத்தில், ஒரே வழக்கில், ஒரே நாளில் இருவேறு எதிர்வினைகள் நிலவின. பொதுமக்கள் உணர்வை அளவுகோலாகக் கொண்டு மேல்முறையீட்டுக்கு இடமளிப்பதோ மறுப்பதோ எத்துணை நிலையற்றது என்பதை இருபது ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இம்மாற்றம் உணர்த்துகிறது.

6. பிற நாடுகளின் சான்றுகள்

மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜேம்ஸ் எர்ல் ரே 1969 மார்ச் 10 அன்று குற்றத்தை ஏற்று 99 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மூன்று நாட்களில் அவ்வேற்பை மறுத்தார். மரண தண்டனைக்கு அஞ்சியும் வழக்கறிஞரின் வற்புறுத்தலாலும் ஏற்றதாக வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். எந்த நீதிமன்றமும் முழு விசாரணைக்கு இசையவில்லை. 1979-இல் அமெரிக்கப் பேரவைக் குழு, சுட்டவர் ரேயே என்றும், சதி நிகழ்ந்திருக்க வாய்ப்புண்டு என்றும் முடிவு செய்தது.

1997-இல் கிங்கின் மகன் டெக்ஸ்டர் கிங் சிறைக்குச் சென்று ரேயைச் சந்தித்தார். கிங்கின் குடும்பமே ரேவுக்கு விசாரணை வேண்டும் எனக் கோரியது. 1998 ஏப்ரலில் ரே இறந்தார், விசாரணை நடைபெறவேயில்லை. குற்ற ஏற்பு விசாரணையை நீக்கிவிடுவதால், கேள்விகளும் விடையின்றி நின்றுவிடுகின்றன. அவ்விழப்பு தண்டிக்கப்பட்டவருக்கு மட்டும் உரியதன்று. உறவை இழந்தோரும் அதனைச் சுமக்கின்றனர் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

நியூசிலாந்து வழக்கு இதற்கு மறுதலை. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரின் இரு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவர் 2020 மார்ச்சில் குற்றத்தை ஏற்றார். விசாரணையின் துன்பத்திலிருந்து தப்பினோம் எனப் பாதிக்கப்பட்டோர் பலர் ஆறுதலுற்றனர். பரோலுக்கு இடமற்ற ஆயுள் தண்டனை ஆகஸ்டில் விதிக்கப்பட்டது. 2022 நவம்பரில் அவர் மேல்முறையீடு செய்தார் என்னும் செய்தி அவ்வாறுதலைக் குலைத்தது. சிறையின் கடும்நிலையில் இருந்தபோது ஏற்றது செல்லாது என்பது அவர் தரப்பு முன்வைத்த வாதம். செயலில் ஐயமே இல்லாத வழக்கில் மேல்முறையீடு உறவினர்க்குப் புதிய காயமாகிறது. அக்காயத்தை மறுக்க இயலாது, மறுக்கத் தேவையுமில்லை. ஆனால் ஐயமற்ற வழக்கு எது, ஐயமுள்ள வழக்கு எது எனப் பிரித்தறியும் பணி கேட்ட பின்னரே இயலும். கேளாமல் பிரிக்க வழியில்லை.

7. வாழவந்தி நாட்டிலிருந்து நோக்குதல்

மலைவாழ் சமூகங்களில் சிறு வழக்குகளை ஊர்க்கூட்டத்தில் தீர்க்கும் மரபு உண்டு. அங்குத் தவற்றை ஏற்பவர் தண்டம் கட்டுகிறார். பின்னர் ஊரோடு மீளச் சேர்த்துக்கொள்ளப்படுகிறார். ஏற்றுக்கொள்ளுதல் அங்கு உறவு மீள்வதற்கான முதற்படி. பிடிவாதமாக மறுப்பவரே விலக்கப்படுகிறார்.

நீதிமன்றத்தில் இது தலைகீழாகிறது. அங்கு ஏற்றுக்கொள்ளுதல் சிறைக்கு வழிகோலுகிறது. மேல்முறையீட்டுக் கதவையும் அடைக்கிறது. ஒரே சொல் மலைமேல் ஒரு பயனையும் மலையடியில் நேர்மாறான பயனையும் தருகிறது. ஊர்க்கூட்டத்தில் பழகிய ஒருவர் நடுவர் முன் ‘ஆமாம்’ என்று சொல்லும்போது எந்தப் பொருளில் சொல்கிறார் என்பதைக் கேட்டறிய வேண்டிய பொறுப்பு நீதிமன்றத்துக்கு உண்டு. வனக்குற்றம், சாராயக்குற்றம் போன்ற சிறு வழக்குகளில் அபராதம் கட்டி அன்றே வீடு திரும்பலாம் என்னும் எண்ணத்தில் ஒருவர் ஏற்கக்கூடும். அடுத்த வழக்கில் அது முன்தண்டனையாக எடுத்துக்காட்டப்படும் என்பதை அவருக்குச் சொல்வார் யார்?

இங்குதான் மும்பை வழக்கு வாழவந்தி நாட்டைத் தொடுகிறது. தொடக்கத்தில் தமக்கு வழக்கறிஞர் இல்லை என்பது கசாப் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. அவருக்கு அதனால் பாதகம் விளையவில்லை எனக் கண்ட நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் அதனை விடையிறுக்கும் வாயிலாக ஒரு கோட்பாட்டை வகுத்தது: கைது செய்யப்பட்டவர் முதன்முதலாக முன்னிறுத்தப்படும்போதே, வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையையும், வசதி இல்லையெனில் அரசு செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமையையும் நடுவர் அவருக்கு எடுத்துரைக்க வேண்டும், இது நடுவரின் கடமை, தவறினால் துறைவழி நடவடிக்கைக்கு இடமுண்டு. விசாரணைக் கட்டத்தில் வழக்கறிஞர் இன்றி ஒருவரை விசாரிப்பது விசாரணையையே பழுதாக்கும் என்றும் கூறியது.

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12, பட்டியல் பழங்குடியினருக்கும் காவலில் உள்ளோருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது. கொல்லிமலை மலையாளி மக்கள் இதற்கு உரியவர்கள். சிறையில் உள்ளவர் சிறை அதிகாரியிடமே மேல்முறையீட்டு மனுவைக் கொடுக்கலாம் என்பதும் சட்டத்தில் உண்டு. உரிமை ஏட்டில் இருப்பது பழைய செய்தி. அதனைச் சொல்லித் தருவது நீதிமன்றத்தின் கடமை என்பதே கசாப் வழக்கு வலியுறுத்தியது. நாடே வெறுத்த மனிதரின் மேல்முறையீட்டைக் கேட்டதன் பயன், அவர் பெயரைக்கூட அறிந்திராத ஒரு மலைவாசிக்கும் கிடைக்கிறது.

கசாபுக்கு மூத்த வழக்கறிஞர் கிடைத்தார். உலகமே அவ்வழக்கை நோக்கியது. வாழவந்தி நாட்டிலிருந்து ஒருவர் தண்டிக்கப்பட்டால் அவ்வழக்கை எவரும் நோக்கப் போவதில்லை. கல்லெறியும் கூட்டமும் இல்லை. கைகொடுக்கும் கூட்டமும் இல்லை. பொதுமக்கள் எதிர்வினையே இல்லாத அவ்வழக்கில் அவரைக் காப்பது நடைமுறை ஒன்றே.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

காவல்துறை ஒப்புதல், நடுவர் முன் ஒப்புதல், நீதிமன்றக் குற்ற ஏற்பு ஆகிய மூன்றையும் ஒரே தொடரால் குறிப்பது மேல்முறையீடு குறித்த தவறான எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது. தமிழ் ஊடகங்கள் இவற்றுக்கு வேறு வேறு சொற்களை ஆளுதல் நலம்.

குற்ற ஏற்புக்குப் பின்னரும் விசாரணையைத் தொடரும் முறை தண்டிக்கப்பட்டவருக்கு மட்டும் காப்பன்று. தீர்ப்பின் உறுதிக்கும் அதுவே காப்பு என்பதை மும்பை வழக்கு மெய்ப்பிக்கிறது.

பொதுமக்கள் எதிர்வினை காலத்தால் மாறுவது, வேண்டுமென்றே தூண்டப்படக்கூடியது, ஒருமித்ததன்று. உறவை இழந்தோரின் துயரம் அதனுள் உண்மையான பகுதி. அத்துயரத்துக்கு நீதிமன்றம் செய்யத்தக்க கைம்மாறு விரைவான விசாரணையும் தெளிவான தகவலுமே, மேல்முறையீட்டை மறுப்பதன்று.

நடுவர் நீதிமன்றங்களில் பழங்குடியினர் குற்றத்தை ஏற்கும்போது, அவ்வேற்பின் பொருளையும் விளைவையும் அவர்க்கு விளங்கும் மொழியில், வழக்கறிஞர் உடனிருக்க எடுத்துரைத்த பின்னரே பதிவு செய்தல் வேண்டும். நாமக்கல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு போன்ற அமைப்புகள் தம் விழிப்புணர்வுப் பணியில் குற்ற ஏற்பின் விளைவுகளைத் தனித்தலைப்பாகவே கற்பிக்கலாம். கொல்லிமலை நாடுகளில் குற்ற ஏற்பின்மேல் தண்டிக்கப்பட்ட சிறு வழக்குகளை நீதிமன்ற ஆவணங்களின் வழி ஆராய்வது இத்துறையில் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணி.